விவரம் காணாத பிள்ளைகளா?

பாடம் நடத்துவது ஆசிரியரின் வேலை, மற்றதெல்லாம் மாணவர் தாமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது என்பது நம் கல்லூரிகளில் யாரும் எதிர்த்துப் பேசாத கருத்து. எந்த விருப்பப் பாடத்தை எடுத்தால் பின்னால் எந்தப் படிப்புக்கான வழி அடைபடும், ஆசிரியரை எப்போது போய்ப் பார்க்கலாம், பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் எத்தனை நாள் முன்னதாகக் கேட்பது, மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது, முதுகலைக்கான தேசியத் தேர்வுக்கு எந்த மாதம் விண்ணப்பிப்பது, இவையெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை. இருக்கவும் வேண்டாம், பதினெட்டு வயது வந்தவருக்கு இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்று கேட்கிறார்கள். குமரி மாவட்டத்தில் இதை இன்னும் சுருக்கிச் சொல்வார்கள்: பிள்ளைக்கு விவரம் காணாது. அதோடு விசாரணை முடிந்துவிடும். தேர்வில் தோற்றதற்கும், தவணை தவறியதற்கும், நல்ல மதிப்பெண் வாங்கியும் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதற்கும் அந்த ஒரு சொல்லே தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை ஏற்க முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு. கல்லூரி தன் எழுதப்படாத விதிகளைக் கற்பிக்கக் கடமைப்பட்டது. எந்த விதியை எழுதிக் கொடுக்க அதற்கு வாய் வரவில்லையோ, அந்த விதியை வைத்துக்கொள்ள அதற்கு உரிமையும் இல்லை.

குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். குழித்துறையாறு கடலில் சேரும் இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதி. யார் எந்த வழியில் நடக்கலாம், யார் எந்தக் கோயிலுக்குள் போகலாம் என்று கறாராக வகுத்து வைத்திருந்த நாடு அது. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா கையெழுத்திட்ட கோயில் நுழைவுப் பிரகடனம் அந்த வரையறைகளில் ஒரு பெரிய பகுதியைச் சட்டப்படி அழித்தது. வெளிப்படையான தடையில் உள்ள ஒரே நன்மை இதுதான்: தடை எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மனு கொடுக்கலாம், போராடலாம், ஆணை வாங்கலாம். கல்விக்கும் அப்படித்தான் நடந்தது. 1944இல் இந்த ஊரில் பிறந்த தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நாவலில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஊருக்குள் வருவதே பெரிய சண்டைக்குக் காரணமாகிறது. இன்று அந்தச் சண்டை இல்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தின் முதல் மாவட்டம் குமரிதான். ஊர்ப் பிள்ளைகள் புதுக்கடை வழியாக மார்த்தாண்டத்துக்கும், திருவிதாங்கோட்டுக்கும், ஆற்றுக்கு அக்கரையில் தூத்தூருக்கும் கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் இந்திய அளவில் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. வாசலில் யாரும் மறிக்கவில்லை. உள்ளே போன பிறகு மறிக்கிற எதற்கும் பலகை கிடையாது, அதனால் எந்தப் பிரகடனத்தாலும் அதை நீக்க முடியவில்லை.

அப்படி என்ன பெரிய மறிப்பு என்று கேட்கலாம். இளநிலை இயற்பியல் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஐஐடிகளிலும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் முதுநிலை அறிவியல் படிக்க ஜாம் என்ற தேர்வு இருக்கிறது. அது பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வுக்கும் விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்து, மார்ச் வாக்கில் தேர்வும் முடிந்துவிடும். நம் இணைப்புக் கல்லூரி மாணவிக்கு ஆறாம் பருவத் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில். அவளும் அவள் வீட்டாரும் ‘அடுத்து என்ன’ என்று வாய் திறப்பது ரிசல்ட் வந்த பிறகு. அப்போது மிஞ்சியிருப்பது பக்கத்துக் கல்லூரி முதுகலையும் பி.எட்.டும் மட்டுமே. அவள் தேர்வெழுதித் தோற்கவில்லை. அப்படி ஒரு தேர்வு நடந்ததே அவளுக்குத் தெரியாமல் போனது. இதே போல, பிளஸ் டூ வாரியத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவருக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இன்ஸ்பையர் உதவித்தொகையாக ஆண்டுக்கு 80,000 ரூபாய் தருகிறது. அறிவியல் அகாதமிகள் கோடைக்கால ஆய்வு நல்கை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் இருந்து வேலை பார்க்கலாம். ஆனால் அதற்கும் விண்ணப்பிக்கும் காலம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே வந்து போய்விடும், கூடவே ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த மாதங்கள் பண்டிகை நாட்கள் போலத் தெரிந்திருக்கும். கடலுக்குப் போகும் அப்பாவும் வீட்டைச் சுமக்கும் அம்மாவும் இதை எங்கிருந்து எடுத்துச் சொல்வார்கள்?

இதை வறுமைப் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பவர்களும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் வளைகுடாப் பணத்தில் எழும்பிய நல்ல வீடுகள் உண்டு. கல்லூரிக் கட்டணம் அங்கே பாரமில்லை. ஆனால் துறைத் தலைவர் என்றால் யார், அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் தப்பில்லை என்று சொல்ல அந்த வீட்டிலும் ஆள் இல்லாமல் இருக்கலாம். காசையும் விவரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தோணி ஆபிரகாம் ஜாக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2019இல் வெளியிட்ட நூல் நல்ல சான்று. மேட்டுக்குடிக் கல்லூரியொன்றில் படித்த ஏழை மாணவர்களை அவர் இரண்டு கூறாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு சாரார் உதவித்தொகையில் பணக்காரத் தனியார் பள்ளிகளில் படித்துவிட்டு வந்தவர்கள். மறுசாரார் தங்கள் பகுதியின் நலிந்த அரசுப் பள்ளிகளிலிருந்து நேராக வந்தவர்கள். இரு சாராரின் வீட்டு வருமானமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் சாரார் பேராசிரியரின் அறைக்குள் தயங்காமல் போனார்கள், பேசினார்கள், உதவி கேட்டார்கள். மறுசாரார் ஒதுங்கி நின்றார்கள். ஆசிரியர் மாணவரைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்துக்கு அங்கே ‘அலுவலக நேரம்’ என்று பெயர். அது எதற்கான நேரம் என்பதே பலருக்குத் தெரியவில்லை, தெரியும் என்று எண்ணி ஆசிரியர்களும் விளக்கவில்லை. கூச்சம், தயக்கம், முனைப்பின்மை என்று நாம் குணத்தின் கணக்கில் எழுதி வைப்பவற்றில் பெரும்பங்கு, யாரோ சொல்லிக் கொடுத்தது அல்லது சொல்லிக் கொடுக்காமல் விட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன், 1964இல், பியேர் பூர்தியூவும் ஜான்-குளோது பாஸ்ரோனும் பிரெஞ்சு மாணவர்களைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘வாரிசுகள்’ என்றே பெயர் வைத்தார்கள். வீட்டில் வாரிசுரிமையாக வந்ததைப் பல்கலைக்கழகம் பிறவித் திறமை என்று பாராட்டிப் பரிசு கொடுக்கிறது என்பதே அவர்கள் குற்றச்சாட்டு. நம் ஊரில் அந்தப் பரிசுக்குச் ‘சூட்டிகை’ என்று பெயர்.

இங்கே முதல் மறுப்பு எழும். எல்லாம்தான் கையேட்டில் அச்சடித்துக் கொடுக்கிறோமே, இணையத்தில் இருக்கிறதே, முதலாண்டு தொடக்கத்தில் அறிமுகப் பயிற்சி வேறு நடத்துகிறோமே என்பார்கள். உண்மைதான். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற பெயரில் மாணவர் அறிமுகத் திட்டத்துக்கு வழிகாட்டியே வெளியிட்டது. ஆனால் நடைமுறையில் அறிமுகப் பயிற்சி என்றால் பெரும்பாலும் என்ன? வாழ்த்துரை, சிறப்புரை, ராகிங் தடுப்பு உறுதிமொழி, தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர், நன்றியுரை. கையேட்டைத் திறந்தால் 75 சதவீத வருகை கட்டாயம் என்று இருக்கும். அது குறைந்தால் எந்த அளவு வரை மன்னிப்புக் கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம், மருத்துவச் சான்று எப்போது கொடுக்க வேண்டும், யாரிடம் முதலில் போய்ப் பேச வேண்டும் என்பது அதில் இருந்தாலும் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இருக்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர் கரையில் எத்தனையோ வீடுகள் கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்று வாரக்கணக்கில் காத்திருந்தன. அப்படி ஒரு வீட்டிலிருந்து வகுப்புக்கு வராத பிள்ளைக்கு மருத்துவச் சான்று என்ற கட்டம் எப்படிப் பொருந்தும்? அங்கே விதியை இளக்கும் அதிகாரம் முதல்வருக்கும் துறைக்கும் உண்டு. ஆனால் கேட்பவருக்குத்தான் சலுகை. கேட்கலாம் என்று தெரிந்தவர்தான் கேட்பார். கையேடு விதியைச் சொல்லும், விதியை யார் இளக்குவார் என்று சொல்லாது. இணையத்தைப் பற்றிச் சொல்வதானால், ஜாம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் கூகுளில் எதைத் தட்டித் தேடுவார்?

சொல்ல வேண்டும் என்று அரசு நினைத்தால் சொல்ல முடியும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது; ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. எந்தச் சான்று, எந்த வங்கிக் கணக்கு, எங்கே பதிவு என்பதைக் கல்லூரியே மாணவியை உட்காரவைத்துச் சொல்லி, விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்ய வைக்கிறது. ‘வயது வந்தவள்தானே, தானாகத் தெரிந்துகொள்ளட்டும்’ என்று அப்போது எந்த முதல்வரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆயிரம் ரூபாய்க்குச் செய்ய முடிந்ததை 80,000 ரூபாய்க்கும் ஆய்வுக்கூட வாய்ப்புக்கும் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், ஒன்றுக்கு மேலிடத்தின் கணக்கெடுப்பு உண்டு, மற்றதற்கு இல்லை என்பது மட்டுமே பதிலாக இருக்க முடியும்.

அடுத்த மறுப்பு கொஞ்சம் நாகரிகமாக வரும். அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 முதல் நடக்கிறது, திறன் பயிற்சி தருகிறோம், ஆங்கிலம் பேசக் கற்றுத் தருகிறோம், நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும் என்றுகூடச் சொல்கிறோம், பிறகென்ன குறை? அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் செய்தது நல்ல காரியம். ஆனால் கல்லூரிக் கனவு வாசல் வரை கொண்டுவந்து விடுகிறது, திறன் பயிற்சி வெளியேறும் வழியில் காத்திருக்கிறது. நடுவில் உள்ள மூன்று ஆண்டுகளுக்கு வழிகாட்டி யார்? நிறுவனத்துக்கு வேண்டிய ஆளைத் தயாரிப்பது பற்றிய கவலையில் நூற்றில் ஒரு பங்கு, கல்லூரி என்ற நிறுவனத்தையே மாணவர் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதில் இல்லை. ஆங்கிலம் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடைத்தாள் நகலைக் கேட்டு வாங்கலாம் என்பதை அறிய ஆங்கிலப் புலமை வேண்டாம். தன் விடைத்தாளைப் பார்ப்பது தகவல் அறியும் சட்டப்படி மாணவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதைத் தமிழில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சொல்லாமல் விடுவதன் விலை மதிப்பெண்ணும் வாய்ப்பும் மட்டும் என்றால் இவ்வளவு கடுமையாக எழுத வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த செந்தில்குமார் 2007இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட பன்னியாண்டி சமூகத்தில் பிறந்து அவ்வளவு தூரம் படித்துப் போனவர். 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் இறந்து கிடந்தார். சேர்ந்து அத்தனை மாதமாகியும் அவருக்கு ஆய்வு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. பாடத் தேர்வில் தேறாததைக் காட்டி உதவித்தொகை பற்றிய நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. பல்கலைக்கழகம் வினோத் பவராலா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. நெறியாளரை ஒதுக்குவது, பாடத் தேர்வு நடத்துவது போன்ற நடைமுறைகளில் துறைக்குள் இருந்த முரண்பாட்டையும் தெளிவின்மையையும் அந்தக் குழு சுட்டியது. தாங்கள் பாகுபாட்டுக்கு ஆளாவதாகப் பட்டியலின மாணவர்கள் உணர்ந்ததையும் பதிவு செய்தது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் கற்பிப்பது நேர்மையில்லை. நான் அதைச் செய்யவும் போவதில்லை. சாதியை ஒதுக்கிவிட்டு இதை வெறும் நிர்வாகக் குழப்பம் என்று படிப்பதும் அதே அளவு நேர்மையற்றது. விதி தெளிவில்லாமல் இருக்கும் இடத்தில்தான் சாதிக்கு வசதி. எழுதி வைத்த ஒதுக்கீட்டு முறை இருந்தால் ‘எனக்கு ஏன் இன்னும் நெறியாளர் இல்லை’ என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும். எல்லாம் பேச்சுவாக்கில், பழக்கத்தில், யாருக்கு யார் வேண்டியவர் என்ற கணக்கில் நடக்கும்போது, பழக்கம் இல்லாதவர் முதலில் விழுவார். டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றி 2007இல் அறிக்கை கொடுத்த தோரட் குழுவிடமும் மாணவர்கள் சொன்னது இதன் இன்னொரு முகம்: ஆசிரியரை அணுக முடியவில்லை, மற்றவருக்குக் கிடைக்கும் வழிகாட்டல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம்களிலிருந்து ஐந்து ஆண்டுகளில் பட்டியலின, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,000 பேருக்கு மேல் விலகியதாக ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னது. அவர்களில் பலர் வேறு படிப்புக்கு மாறியிருக்கலாம் என்ற அரசின் விளக்கத்தை அப்படியே ஏற்றாலும், எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் மறைந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல அந்தக் கணக்கால் முடியவில்லை.

இதுவரை சொன்ன மறுப்புகளைவிட வலுவான ஒன்று எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அதை எழுப்புகிறவர்கள் மாணவர் மீது அக்கறை உள்ளவர்கள். எழுதப்படாத விதிகளைக் கற்பிப்பது என்றால் மேல்தட்டின் பழக்கங்களை மீனவர் பிள்ளைக்கும் தலித் பிள்ளைக்கும் பூசுவதுதானே, அவர்கள் ஏன் மாற வேண்டும், நிறுவனம் அல்லவா மாற வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு தவறு. கறுப்பினக் குழந்தைகளின் ஆசிரியையான லிசா டெல்பிட் 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதே வாதத்தை எதிர்கொண்டார். அதிகாரத்தின் விதிகளை அறியாதவரிடம் அவற்றை மறைத்து வைப்பதால் அதிகாரம் குலையாது, அவர் மட்டுமே வெளியே நிற்பார் என்றார். நான் இன்னும் ஓர் அடி போக விரும்புகிறேன். எழுதிக் கற்பிப்பதுதான் நிறுவனத்தை மாற்றவும் வழி. ஒரு துறை தன் விதிகளையெல்லாம் தாளில் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ‘பரிந்துரைக் கடிதத்தை மூன்று வாரம் முன்னதாகக் கேள், உன் மதிப்பெண் பட்டியலையும் இணைத்துக் கொடு’ என்று எழுதலாம்; யாருக்கும் வெட்கமில்லை. ‘முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளரின் தங்குமிடம், விருந்து, பொன்னாடைச் செலவு ஆய்வாளரைச் சார்ந்தது’ என்று எழுத முடியுமா? பல இடங்களில் ஊரறிந்த வழக்கம் அது. கடன் வாங்கிச் செய்தவர்களும் உண்டு. ஆனால் எந்தப் பல்கலைக்கழகமும் அதை அச்சில் ஏற்றாது, ஏற்றிய மறுநாளே அது செத்துவிடும் என்பதால். இளநிலை புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதைக் கண்டும் காணாமல் விடுவதும் இந்த வகைதான்.

இதில் மிக மோசமான விதி ஒன்று உண்டு. 2023இல் மானியக் குழு மாணவர் குறைதீர்ப்புக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. குழு அமைக்க வேண்டும், அதற்கு மேலே குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் நூற்றுக்கு 25 மதிப்பெண் அக மதிப்பீடாக ஆசிரியரின் கையில் இருக்கும் நிலையில், ‘புகார் கொடுத்தால் இன்டர்னலில் கை வைப்பார்கள்’ என்ற சொல் எந்தச் சுற்றறிக்கையையும் விட வேகமாக மாணவரிடம் போய்ச் சேர்கிறது. கவனியுங்கள், இந்த ஒரு எழுதப்படாத விதியை மட்டும் விவரம் காணாத பிள்ளையும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறது. உரிமையைச் சொல்லித்தர ஆள் இல்லை, பயத்தைச் சொல்லித்தர ஆயிரம் பேர். அக மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று பிரித்து, திருத்திய தாளோடு மாணவருக்குக் காட்டுவதை வழக்கமாக்கினால் அந்தப் பயத்தின் பாதி இடிந்துவிடும். நேர்மையாக மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு, அவர்கள்தான் பெரும்பான்மை, இதில் இழக்க எதுவும் இல்லை.

இனி, ஊட்டிவிட்டால் மாணவர் வளரமாட்டார் என்ற பழைய வாதம். கடற்கரையில் இதற்கு ஒரு உவமை கைவசம் வைத்திருப்பார்கள்: தொழிலுக்குப் புதிதாகப் போகும் பையனுக்கு யாராவது வகுப்பா எடுக்கிறார்கள், பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறானே என்று. சரி, பார்த்துத்தான் கற்கிறான். எதைப் பார்த்து? நாட்கணக்கில் ஒரே விசைப்படகில், கை தெரிந்த நாலைந்து பேரின் தோளோடு தோளாக நின்று, அவர்கள் வலையை எப்போது இறக்குகிறார்கள் என்பதைக் கண்ணெதிரே பார்த்து. கல்லூரியில் அந்தப் பையன் யாரைப் பார்ப்பான்? ஆசிரியர் தம் ஆய்வுக் கட்டுரையை எப்படித் திருத்துகிறார், எந்தக் கருத்தரங்குக்கு எப்போது எழுதிப் போடுகிறார், சக ஆசிரியரோடு எப்படி முரண்படுகிறார், எதையும் அவன் பார்ப்பதில்லை. ஸ்டாஃப் ரூம் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்குப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்வது கேலிதான். தவிர, ஊட்டுவது என்ற சொல்லே இங்கே பொருந்தவில்லை. விண்ணப்ப மாதத்தைச் சொன்னதால் யாருக்கும் ஜாம் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. கணக்கை அவளேதான் போட வேண்டும். போட்டியில் கலந்துகொள்ளும் இடத்தைச் சொல்வதைப் போட்டியில் ஜெயிக்க வைப்பதாகக் குழப்பிக்கொள்கிறோம்.

எப்படிச் சொல்ல வேண்டும் என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது, நம் அறிமுக விழாக்கள் தவறவிடும் பாடம். நிக்கோல் ஸ்டீபன்ஸும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஒரு சோதனையில் அமெரிக்கக் கல்லூரியொன்றின் முதலாண்டு மாணவர்களை இரண்டு குழுவாக்கி, இரு குழுவுக்கும் மூத்த மாணவர்களைக் கொண்டு ஒரு மணி நேரம் பேசவைத்தார்கள். இரண்டிலும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான்: ஆசிரியரைப் போய்ப் பார், உதவி கேள். ஆனால் ஒரு குழுவில் பேசியவர்கள், ‘என் வீட்டில் கல்லூரி போனவர் யாரும் இல்லை, அதனால் எனக்கு இது இப்படிக் கடினமாக இருந்தது, இப்படிச் சமாளித்தேன்’ என்று தங்கள் பின்னணியோடு சேர்த்துச் சொன்னார்கள். மற்றதில் பின்னணியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆண்டு முடிவில், பின்னணியோடு கேட்ட குழுவில் முதல் தலைமுறை மாணவருக்கும் மற்றவருக்கும் இருந்த மதிப்பெண் இடைவெளி 63 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் ஆசிரியரிடம் உதவி கேட்டதும் கூடியிருந்தது. ஒரே ஒரு கல்லூரியில் நடந்த சிறிய சோதனை, அதன் எண்ணை நம் ஊருக்கு அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது. ஆனாலும் வெறும் அறிவுரைக்கும், நம்மைப் போன்ற ஒருவர் நம்மிடம் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அது தெளிவாகக் காட்டுகிறது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து போய் முனைவர் பட்டம் முடித்த ஒருவர் வந்து, எந்த இடத்தில் எந்தத் தவணையைத் தவறவிட்டேன் என்று சொல்வது, சென்னையிலிருந்து வரும் தன்னம்பிக்கைப் பேச்சாளரின் இரண்டு மணி நேரத்தைவிடப் பயன்படும். செலவும் குறைவு.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை, இதையும் சுமத்துவதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அது நியாயமான கேள்வி. நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓடும் துறைகளில், தரமதிப்பீட்டுக் கோப்புகளுக்கும் இணையதளப் பதிவுகளுக்கும் நடுவே மூச்சுவிட நேரமில்லை என்பது உண்மை. ஆனால் நேரம் எங்குமே இல்லை என்பதை நம்ப முடியாது. முதல் பருவப் பாடத்திட்டங்கள் பலவற்றில் அடித்தளப் பாடம் என்று ஒன்று இருக்கிறது. மதிப்புக் கல்விக்கு மணிநேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லொழுக்கத்தைப் பற்றிய பத்து வகுப்புகளில் நாலை எடுத்து, இந்தத் துறையில் படிப்பது என்றால் என்ன, இங்கே யார் எதற்குப் பொறுப்பு, எதைக் கேட்டால் கிடைக்கும், எந்த மாதத்தில் எது வரும் என்று சொன்னால் ஒழுக்கம் ஒன்றும் குறைந்துவிடாது. கௌரவ விரிவுரையாளர்களில் எத்தனையோ பேர் தாங்களே முதல் தலைமுறைப் பட்டதாரிகள், இந்த விதிகளை அடிபட்டுக் கற்றவர்கள். இந்த வகுப்பை எடுக்க அவர்களைவிடத் தகுதியானவர் இல்லை, அதற்கான ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் பற்றி அரசு பேசத் தயாராக இருந்தால். ஐந்தாம் பருவம் தொடங்கும் ஜூனிலோ ஜூலையிலோ, செப்டம்பர் விண்ணப்பத்துக்கு முன்பாக, இன்னொரு வகுப்பு. விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு, வருகை மன்னிப்பு, பரிந்துரைக் கடிதம், தேசியத் தேர்வு, உதவித்தொகை, குறைதீர்ப்புக் குழு: எல்லாம் தமிழில் நாலு பக்கத்துக்கு மேல் வராது. அந்த நாலு பக்கத்தை எழுதித் துறை வாசலில் ஒட்டிய பிறகும் ஒரு மாணவர் தவணையைத் தவறவிட்டால், அப்போது வேண்டுமானால் பிள்ளைக்கு விவரம் காணாது என்று சொல்லிக்கொள்ளட்டும்.